மிரியாமின் பாட்டை யாராவது வெட்டினார்களா?

யாத்திராகமம் 15-ல் மோசேயின் பாட்டு 18 வசனம் ஓடுகிறது, மிரியாமுக்கோ ஒரே ஒரு வசனம். சவக்கடல் சுருள்களில் மிரியாமின் முழுப்பாட்டும் கிடைத்துவிட்டதாக யாரோ காணொளியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நம் வேதாகமத்திலிருந்து அதை வெட்டிவிட்டார்களா? அந்தக் காலத்து யூதர்கள் வேதத்தின் பாட்டில் கைவைப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி தானாகவே வேறு மாதிரி தெரியும். நான் இருபது வருடத்துக்கு மேலாக இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் கேட்கும் துணுக்கை நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களையும் அச்சான பதிப்பையும் வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் உறுதியான செய்தி. 1952-ல், சவக்கடல் ஓரத்தில் இந்தச் சுருள்கள் கிடைத்த கும்ரானில், நான்காம் குகை கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான துண்டுகளில் ஒரு தொகுதிக்கு 4கியூ365 என்று எண். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்தாகமத்தின் பகுதிகள் அதில் உள்ளன. ஆனால் ஆங்காங்கே நம் வேதாகமத்தில் இல்லாத வரிகளும் கலந்திருக்கின்றன. எழுத்தின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரதி கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி எழுதப்பட்டது. 1994-ல் இம்மானுவேல் தோவ், சிட்னி வைட் இருவரும் இதைப் பதிப்பித்தார்கள். அதில் ஒரு சின்னத் துண்டில் மோசேயின் பாட்டின் கடைசி வசனங்கள் இருக்கின்றன. இன்னொரு துண்டில், செங்கடலிலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்டுப் போகிற 22-ம் வசனத்துக்குச் சற்று முன்னால், வேறெங்கும் இல்லாத ஏழு வரிகளின் தொடக்கங்கள் மட்டும் தெரிகின்றன. மிரியாமின் வசனம் இருக்க வேண்டிய இடம் அதுதான். ஆகவே அவள் பாட்டு அந்தப் பிரதியில் நீண்டிருந்தது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் "முழுப்பாட்டு" கிடைக்கவில்லை. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும். வலது ஓரத்துச் சில சொற்கள் தப்பின, மீதி இடப்பக்கம் எல்லாம் போய்விட்டது. பாட்டு மொத்தம் எத்தனை வரி என்பதையும் கணக்கிட முடியாது, ஏனென்றால் பத்தியின் மேல்பகுதியும் இல்லை.

தப்பித்த சொற்களைத் தமிழில் வைத்துப் பார்க்கலாம். "நீர் அலட்சியம் செய்தீர்..." என்று ஒரு வரி. "ஏனெனில் மாட்சிமை..." என்று அடுத்தது. "நீர் பெரியவர், இரட்சகர்..." "பகைவனின் நம்பிக்கை அழிந்தது..." "வலிமையான தண்ணீர்களில் அழிந்தார்கள், பகைவன்..." அப்புறம் உயரத்துக்கு உயர்த்துவதைப் பற்றி ஒரு வரி. கடைசியில் "மாட்சிமையானதைச் செய்கிறவர்" என்று முடிகிறது. அவ்வளவுதான். இதில் முதல் வரி கொஞ்சம் சிக்கலானது. எபிரேயத்தில் அன்று உயிர்க்குறி போடமாட்டார்கள். அந்த நான்கு எழுத்தை "அலட்சியம் செய்தீர்" என்றும் வாசிக்கலாம், "ஒலிவத்தோடு" என்றும் வாசிக்க எழுத்தளவில் இடம் உண்டு. பெரும்பாலானோர் முதல் வாசிப்பையே எடுக்கிறார்கள், நானும் அப்படியே. ஒலிவத்தை ஏன் சொன்னேன் என்பது யூதித்தின் கதைக்கு வரும்போது புரியும்.

இந்தத் துணுக்கை வகுப்பில் நடத்தும்போது நான் ஒரு வேலை கொடுப்பேன். ஒரு தாளில் மோசேயின் பாட்டு, இன்னொரு தாளில் இந்த ஏழு வரி. இரண்டிலும் ஒரே வேர்ச்சொல் வருகிற இடங்களுக்கு ஒரே நிறம் தீட்டச் சொல்வேன். கால் மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும். "வலிமையான தண்ணீர்கள்" என்ற தொடர் 15:10-ல் அப்படியே இருக்கிறது, நம் தமிழ் வேதாகமம் அதைத் "திரளான தண்ணீர்கள்" என்று சொல்கிறது. "உயர்த்துவேன்" என்று மோசே 15:2-ல் சொன்ன வினைதான் இங்கே வேறு வடிவத்தில் வருகிறது. "செய்கிறவர்" என்பது 15:11-ல் "அற்புதங்களைச் செய்கிறவர்" என்று இருக்கிறது. "மாட்சிமை" என்று நான் சொன்ன எபிரேயச் சொல் "கேயூத்". அது மோசேயும் மிரியாமும் பாடிய முதல் வரியில் "வெற்றிசிறந்தார்" என்று நமக்கு வருகிற வினையின் பெயர்ச்சொல் வடிவம். அதாவது இதை எழுதியவர் வெளியிலிருந்து ஒரு புதுப் பாட்டைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. மிரியாமின் அந்த ஒரு வரியை விதையாக எடுத்து, மோசேயின் பாட்டிலிருந்தே மண் எடுத்து வளர்த்திருக்கிறார். புதிதாகத் தெரிகிற "பகைவன்" என்ற சொல்கூட மோசே பயன்படுத்திய சொல் அல்ல, அதே பொருள்படும் இன்னொரு சொல். மோசேயைச் சொல்லுக்குச் சொல் நகலெடுக்காமல், மிரியாமுக்கு அவளுடைய சொந்தக் குரலையும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

நிறம் தீட்டி முடித்ததும் மாணவர்களை ஏசாயா 12-ஐத் திறக்கச் சொல்வேன். அங்கே இரண்டாம் வசனம் மோசேயின் பாட்டை ஏறக்குறைய அப்படியே மேற்கோள் காட்டுகிறது. ஐந்தாம் வசனத்தில் "மாட்சிமையானதைச் செய்தார்" என்று அதே "கேயூத்" வருகிறது. துணுக்கின் கடைசிச் சொற்களும் இவைதான். ஆறாம் வசனம் சீயோனை ஒரு பெண்ணாகக் கூப்பிடுகிறது: "சீயோனில் வாசமாயிருக்கிறவளே, நீ சத்தமிட்டுக் கெம்பீரி." அதைத் தொடர்ந்து, இஸ்ரவேலின் பரிசுத்தர் உன் நடுவில் "பெரியவர்" என்று வருகிறது. துணுக்கிலும் "நீர் பெரியவர்". செங்கடல் பாட்டைத் திரும்பப் பாடுகிற, பெண்ணை நோக்கிப் பேசுகிற ஒரு பாட்டு ஏசாயாவில் இருக்கிறது. மிரியாமின் பாட்டை நீட்ட உட்கார்ந்த ஒருவர் அதை மனதில் வைத்திருந்தால் ஆச்சரியமில்லை. இது என் ஊகத்துக்கு நெருங்கிய பேச்சு. இரண்டு மூன்று சொல் ஒற்றுமையை வைத்து "இவர் ஏசாயாவைப் பார்த்து எழுதினார்" என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் காதில் ஏசாயா ஒலிக்கிற ஒருவர் என்று சொல்லலாம்.

சரி, ஏன் நீட்டினார்? உங்களுக்கு வந்த அதே உறுத்தல் அவருக்கும் வந்திருக்கும். மூல வசனமே ஒரு இடைவெளி விட்டிருக்கிறது. 15:20-ல் மிரியாமுக்கு எவ்வளவு ஆயத்தம் பாருங்கள்: அவள் பெயர், ஆரோனின் சகோதரி என்ற உறவு, தீர்க்கதரிசி என்ற பட்டம், கையில் தம்புரு, பின்னால் எல்லா ஸ்திரீகளும், நடனம் வேறு. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு வரி. அதிலும் தமிழில் "பிரதிவசனமாக" என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அவள் பதில் பாடினாள். யாருக்கு? எபிரேயத்தில் "லாஹெம்", "அவர்களுக்கு", அதுவும் ஆண்பால் பன்மை. பெண்களோடு புறப்பட்டவள் ஆண்களுக்குப் பதில் பாடுகிறாளா? மோசே "பாடுவேன்" என்றார், இவள் "பாடுங்கள்" என்கிறாள். அவர் தொடங்கினதை இவள் எல்லாருக்குமாக மாற்றுகிறாளா? பாட்டின் முதல் வரியைச் சொல்லி முழுப்பாட்டையும் குறிக்கிற வழக்கம் நமக்கும் உண்டு. அப்படி இந்த ஒரு வரி முழுப்பாட்டுக்கும் அடையாளமாக நிற்கிறது, மிரியாமும் முழுவதும் பாடினாள் என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செங்கடல் பாட்டே முதலில் மிரியாமின் பெயரில் இருந்து பிறகு மோசேக்குப் போனது என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. அது சாத்தியம், நிரூபணம் ஆகவில்லை. கூட்டத்தில் அதைச் சொல்வதானால் இந்த எச்சரிக்கையோடு சொல்லுங்கள்.

ஆகவே "வெட்டினார்களா?" என்றால் என் பதில்: அதற்குச் சான்று இல்லை, எதிர்த்திசைக்குத்தான் சான்று இருக்கிறது. வெட்டப்பட்ட பழைய பாட்டு இது என்றால், மோசேயின் பாட்டின் சொற்கள் இவ்வளவு நெருக்கமாக இதில் வரவேண்டிய தேவை இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சமாரியர்களின் ஐந்தாகமத்திலும் மிரியாமுக்கு ஒரே வரிதான். வெவ்வேறு கைகளில் வளர்ந்த இந்தப் பிரதிகள் எல்லாமே ஒரே இடத்தில் வெட்டப்பட்டன என்பதைவிட, ஒரு பிரதியில் மட்டும் நீட்டப்பட்டது என்பது நம்பும்படியாக இருக்கிறது. இந்த நீண்ட பிரதியை அதன் வாசகர்கள் வேதமாகவே வாசித்தார்களா, வேதத்தின் விளக்கமாக வாசித்தார்களா என்பதில்தான் இன்னும் விவாதம். பதிப்பித்த தோவ் முதலில் இதைத் தனி நூல் என்றார், பின்னாளில் இதுவும் வேதத்தின் ஒரு பிரதியே என்று கருத்தை மாற்றிக்கொண்டார். இந்த விஷயத்தில் அவர் மாறியதே நமக்கு ஒரு பாடம். "வேதம்", "விளக்கம்" என்று நாம் போடுகிற கோடு அன்று இவ்வளவு கறாராக இல்லை.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். வேதத்தின் பாட்டில் கைவைப்பார்களா? வைப்பார்கள், வைத்திருக்கிறார்கள், அதற்குக் கும்ரான் வரை போகவே வேண்டாம். உங்கள் வீட்டு வேதாகமத்தில் 1 நாளாகமம் 16-ஐத் திறந்து வையுங்கள். உடன்படிக்கைப் பெட்டியைத் தாவீது எருசலேமுக்குக் கொண்டுவந்து கூடாரத்தில் வைத்த நாளில் ஆசாப்பும் அவன் சகோதரரும் பாடிய பாட்டு 8-ம் வசனத்தில் தொடங்குகிறது. அது 105-ம் சங்கீதத்தின் முதல் 15 வசனமும், 96-ம் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும், 106-ம் சங்கீதத்தின் முதல் வசனமும் கடைசி இரண்டு வசனங்களும் சேர்த்துத் தைத்தது. எழுதியவர் பெரும்பாலும் கி.மு. நான்காம் நூற்றாண்டில், பாரசீக ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர். அவர் எங்கே கத்தரி வைத்தார் என்று பாருங்கள். 105-ம் சங்கீதம் 15-க்குப் பிறகு யோசேப்பு, எகிப்து, வாதைகள் என்று போகும். அவர் 15-லேயே நிறுத்திவிட்டார். 106-ம் சங்கீதம் முழுக்க முழுக்க முற்பிதாக்களின் பாவ அறிக்கை. பெட்டி வந்திறங்கும் நாளில் அதைப் பாட முடியுமா? முதல் வரியையும் கடைசி வரிகளையும் எடுத்துக்கொண்டு நடுவில் இருந்த பாவப்பட்டியலை விட்டுவிட்டார்.

சின்ன மாற்றங்கள் இன்னும் அருமையானவை. சங்கீதம் 96:6-ல் வல்லமையும் மகத்துவமும் அவருடைய "பரிசுத்த ஸ்தலத்தில்" இருக்கிறது. நாளாகமத்தில் வல்லமையும் மகிழ்ச்சியும் அவருடைய "ஸ்தலத்தில்" இருக்கிறது. பரிசுத்த ஸ்தலம் என்றால் ஆலயம். கதைப்படி ஆலயம் இன்னும் கட்டப்படவில்லை, சாலொமோன் வரவேண்டும். அதனால் பொதுவாக "இடம்" என்று மாற்றிவிட்டார். இரண்டு வசனம் தள்ளி, "அவருடைய பிராகாரங்களில் பிரவேசியுங்கள்" என்பது "அவருடைய சந்நிதியில்" என்று ஆகிறது. இல்லாத ஆலயத்துக்குப் பிராகாரம் ஏது? "மகத்துவம்" போய் "மகிழ்ச்சி" வந்ததையும் கவனியுங்கள். அந்த எபிரேயச் சொல் "ஹெத்வா". பழைய ஏற்பாட்டின் எபிரேயப் பகுதியில் அது இங்கேயும் நெகேமியா 8:10-லும் மட்டும்தான் வருகிறது. "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்று நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறதே, அந்த மகிழ்ச்சி. சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த தலைமுறையின் வாயில் புழங்கிய சொல் அது. பழைய பாட்டில் ஒரு சொல்லைத் தன் காலத்துச் சொல்லாக மாற்றியிருக்கிறார். இந்த இடத்தை விளக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துபோகும், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு மனிதர் எழுதுகோலை எடுத்து ஒரு கணம் யோசித்த இடம் இது என்று.

இன்னும் ஒன்று. சங்கீதம் 105:12, முற்பிதாக்கள் கொஞ்சம் பேராக இருந்தபோது என்று "அவர்களை"ப் பற்றிச் சொல்கிறது. நாளாகமத்தின் எபிரேயத்தில் அது "நீங்கள் கொஞ்சம் பேராக இருந்தபோது" என்று இருக்கிறது. ஆபிரகாமின் கதை கேட்கிறவர்களின் கதையாகிவிட்டது. பாரசீகப் பேரரசின் மூலையில் ஒரு சின்ன மாகாணத்தில், எண்ணிக்கையில் குறைந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். முடிவில் "ஜாதிகளிலிருந்து எங்களைச் சேர்த்துக்கொள்ளும்" என்ற வேண்டுதலோடு "எங்களை விடுவியும்" என்பதையும் சேர்த்திருக்கிறார். தாவீதின் காலத்தில் யாரும் ஜாதிகளுக்குள் சிதறிப் போகவில்லை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆலயம் என்ற சொல்லை அவ்வளவு கவனமாக எடுத்தவர், இந்த வரியை விட்டுவைத்தார் என்றால் அது தன் மக்களுக்காக.

சங்கீதங்கள் முதலா நாளாகமம் முதலா என்று கேட்டால், சங்கீதங்களே முதல் என்பதுதான் பெரும்பான்மை முடிவு. மேலே சொன்ன மாற்றங்களின் திசையும் அதையே காட்டுகிறது.

கும்ரானின் பதினோராம் குகையில் 1956-ல் கிடைத்த பெரிய சங்கீதச் சுருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1961-ல் விரித்து, 1965-ல் ஜேம்ஸ் சாண்டர்ஸ் வெளியிட்டார். அதில் 145-ம் சங்கீதம் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் "கர்த்தர் ஸ்தோத்திரிக்கப்படுவாராக, அவர் நாமம் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்படுவதாக" என்று ஒரே பல்லவியோடு எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பல்லவியின் சொற்கள் எல்லாம் அந்தச் சங்கீதத்தின் முதல் வசனத்திலிருந்தே எடுத்தவை. ஒருவர் பாட, கூட்டம் பதில் பாடுவதற்கென்றே ஆக்கிய வடிவம் அது. அகரவரிசையில் அமைந்த அந்தச் சங்கீதத்தில் நம் எபிரேய வேதாகமத்தில் "நூன்" எழுத்துக்குரிய வரி கிடையாது. ரபி யோகனான் அதற்கு ஒரு காரணம் சொன்னதாக, யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத்தில் இருக்கிறது: "விழுந்தாள்" என்று ஆமோஸ் இஸ்ரவேலைப் பற்றிச் சொன்ன சொல் நூனில் தொடங்குவதால் தாவீது அந்த எழுத்தைத் தவிர்த்தாராம். சுருளிலோ அந்த வரி இருக்கிறது, கிரேக்கத்திலும் சீரியத்திலும் இருக்கிறது. விழுந்துபோன பழைய வரியா, ஓட்டையை அடைக்க யாரோ எழுதிய வரியா? இரண்டு பக்கமும் நல்ல வாதங்கள் உண்டு. நான் பிந்தியதன் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் அந்த வரியின் பின்பாதி 17-ம் வசனத்தின் பின்பாதியேதான். மறுபடியும் அதே பழக்கம்: பாட்டின் துணியிலிருந்தே ஒட்டுத் துணி.

யூதித்துக்கு வருகிறேன். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இந்த நூல் இருக்கிறது, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. உங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது புதிதாக இருக்கலாம். எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினின் தலையைக் கொண்டுவந்த பிறகு யூதித்து பெண்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறாள், பெண்கள் ஒலிவ இலைகளால் முடி சூடியிருக்கிறார்கள் (துணுக்கின் முதல் வரியில் ஒலிவத்தைச் சொன்னது இதனால்தான்), ஆண்கள் பின்னால் வருகிறார்கள். அவள் பாடுகிறாள், மக்கள் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். பிந்தைய தலைமுறையினர் மிரியாமுக்கு ஒரு முழுப்பாட்டைக் கொடுக்க விரும்பினார்கள் என்பதற்கு இது இன்னொரு சாட்சி, பெயர் மட்டும் வேறு. இந்தப் பாட்டில் ஒரு வரி: "ஆண்டவர் போர்களை நொறுக்குகிற கடவுள்." இது எங்கிருந்து வந்தது? யாத்திராகமம் 15:3-ல் எபிரேயம் கர்த்தரைப் "போர்வீரன்" என்கிறது, தமிழில் "யுத்தத்தில் வல்லவர்". அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த அலெக்சாந்திரியா யூதர்கள் "போர்களை நொறுக்குகிறவர்" என்று மாற்றினார்கள். போர்வீரன் போர்களை நொறுக்குகிறவர் ஆவது சின்ன விஷயமா? யூதித்தின் பாட்டு அந்த மாற்றத்தை எடுத்து அதன்மேல் வீடு கட்டுகிறது. யூதித்து முதலில் எபிரேயத்தில் எழுதப்பட்டதா கிரேக்கத்திலேயே எழுதப்பட்டதா என்ற விவாதத்தில் இந்த வரியும் ஒரு சாட்சியாக நிற்கிறது. என்றாலும் இது ஒன்றே போதாது, மொழிபெயர்த்தவரும் பழகிய கிரேக்க வரியைப் போட்டிருக்கலாம்.

பாட்டை எழுதியது மட்டும் அல்ல, ஆடியும் பாடியும் பார்த்தார்கள். அலெக்சாந்திரியாவுக்கு அருகே மரேயோத்திஸ் ஏரிக்கரையில் வாழ்ந்த தெரபியூத்தர்கள் என்ற யூதத் துறவிகளைப் பற்றி முதலாம் நூற்றாண்டு யூதத் தத்துவ அறிஞர் பிலோ எழுதியிருக்கிறார். அவர்களில் ஆண்களும் பெண்களும் உண்டு. திருவிழா இரவில் ஆண்கள் ஒரு குழு, பெண்கள் ஒரு குழுவாக நின்று பாடத் தொடங்கி, பிறகு இரண்டும் ஒன்றாகக் கலந்து விடியும்வரை பாடுவார்களாம். செங்கடல் கரையில் மோசே ஆண்களையும் மிரியாம் பெண்களையும் நடத்தியதைப் பின்பற்றியே இப்படி என்று பிலோ சொல்கிறார். பிரதிவசனம் என்ற அந்த ஒரு சொல்லை அவர்கள் இரவு முழுக்க வாழ்ந்து பார்த்தார்கள்.

தானியேலின் கிரேக்க வடிவத்தில் மூன்று வாலிபர்கள் சூளைக்குள் நின்று பாடுகிற பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 148-ம் சங்கீதத்தின் வரிசையை எடுத்து, 136-ம் சங்கீதத்தின் பாணியில் ஒவ்வொரு வரிக்கும் பல்லவி வைத்துக் கட்டியது அது. வானம், சூரியன், சந்திரன், பனி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து "நெருப்பே, வெப்பமே, ஆண்டவரை வாழ்த்துங்கள்" என்கிறார்கள். சங்கீதத்திலும் அக்கினி உண்டு, ஆனால் நெருப்புக்குள் நின்றுகொண்டு அதைப் பாடும்போது அந்தச் சொல் வேறு ஆகிவிடுகிறது.

அன்னாளின் பாட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கூட்டத்துக்கு மிரியாமைவிட அன்னாள் உதவுவாள். 1 சாமுவேல் 2-ல் அவள் பாடுகிற பாட்டிலும் இடைவெளிகள் இருக்கின்றன. குழந்தை இல்லாமல் அழுதவள் ஏன் வில், பட்டயம், சத்துருக்கள் என்று பாடுகிறாள்? இஸ்ரவேலுக்கு ராஜாவே இல்லாத காலத்தில் "தம்முடைய ராஜாவுக்குப் பெலன் அளித்து" என்று ஏன் முடிக்கிறாள்? "மலடியாயிருந்தவள் ஏழு பெற்றாள்" என்கிறாள், ஆனால் சாமுவேலையும் சேர்த்து அவள் பெற்றது ஆறுதான். அரமேய மொழியில் தீர்க்கதரிசன நூல்களை விரித்துச் சொல்கிற யோனத்தான் தர்கூம் இந்த முடிச்சுகளை ஒரே இழுப்பில் அவிழ்க்கிறது: அவள் தீர்க்கதரிசனமாகப் பாடுகிறாள். முதல் வசனத்திலேயே அவள் மகன் சாமுவேல் தீர்க்கதரிசி ஆவதையும், சாமுவேலின் பேரன் ஏமானும் அவனுடைய 14 மகன்களும் லேவியரோடு ஆலயத்தில் பாடப்போவதையும் காண்கிறாள். அப்புறம் சனகெரிப், நேபுகாத்நேச்சார், கிரேக்க ராஜ்யம், ஆமான் என்று வரலாறு ஓடுகிறது. ஏழு பெற்ற மலடி எருசலேம் ஆகிறாள், பிள்ளைகள் மலிந்து தளர்ந்தவள் ரோம் ஆகிறாள். கடைசியில் மேசியா. ஒரு தாயின் நன்றிப் பாட்டு ஒரு மக்களின் முழு வரலாறு ஆகிவிட்டது. இந்தத் தர்கூம் பல காலத்தில் அடுக்கடுக்காக வளர்ந்தது, அதனால் எந்த வரி எந்த நூற்றாண்டு என்று பிரிப்பது கடினம்.

அதே பாட்டை முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொருவர் முற்றிலும் வேறு பக்கம் கொண்டுபோனார். பிலோவின் நூல்களோடு சேர்ந்து வந்ததால் போலி பிலோ என்று அவருக்குப் பெயர். அவர் எபிரேயத்தில் எழுதியது கிரேக்கம் வழியாக லத்தீனில் மட்டும் தப்பியிருக்கிறது. லத்தீனை நான் அகராதியின் துணையோடுதான் படிப்பேன், என்றாலும் இந்த இடம் தெளிவானது. அவருடைய அன்னாள் தன் மார்புகளைப் பார்த்துப் பேசுகிறாள்: சொரியுங்கள், சாட்சி சொல்லுங்கள், பால் கொடுக்கும்படி உங்களுக்குக் கட்டளை இருக்கிறது, உங்களிடம் பால் குடிக்கிறவனின் வார்த்தையால் ஜனங்கள் வெளிச்சம் பெறுவார்கள் என்ற பொருளில். மூலத்தில் பால் கொடுப்பது பாட்டில் இல்லை, அதற்கு முந்தின அதிகாரத்தில் கதையில் இருக்கிறது. பிள்ளையைப் பால்மறக்கப்பண்ணும் வரைக்கும் அவள் சீலோவுக்குப் போகவில்லை. அந்த உரைநடைத் துளியை எடுத்துப் பாட்டின் நடுவில் வைத்துவிட்டார். தர்கூமின் அன்னாளுக்குப் பேரரசுகள் தெரிகின்றன, இவருடைய அன்னாளுக்கு மடியில் இருக்கிற குழந்தை தெரிகிறது. இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். லூக்கா 1-ல் மரியாளின் பாட்டும் அன்னாளின் பாட்டின் சாயலில் அமைந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள், அதுவும் இதே காலத்து, இதே பழக்கத்தின் பிள்ளை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. பழைய காலத்தில் மாற்றம் பாட்டுக்கு உள்ளேயே நடந்தது: நாளாகமம், மிரியாம் துணுக்கு, சங்கீதச் சுருள். ரோமர் கி.பி. 70-ல் ஆலயத்தை அழித்த பிறகு எபிரேய வேதத்தின் எழுத்து ஒரே வடிவத்தில் உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. இரண்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் யூதேயா வனாந்தரத்து முரப்பாத் குகைகளில் ஒளித்துவைக்கப்பட்ட சுருள்கள் இன்றைய எபிரேய வேதாகமத்தோடு மிக நெருங்கியவை. அதன் பிறகு பாட்டுக்குள் யாரும் வரி சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியது பக்கத்தில் போனது, தர்கூமாகவும், மித்ராஷ் என்கிற ரபிகளின் வேத விளக்கமாகவும். ரபி அகிபாவும் ரபி நெகேமியாவும் செங்கடலில் மக்கள் மோசேக்கு எப்படிப் பதில் பாடினார்கள் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் கருத்து வேறுபடுகிறார்கள். பிரதிவசனத்தைப் பற்றிய அதே கேள்விதான், ஆனால் இப்போது மூல வசனத்தை ஓர் எழுத்தும் அசைக்காமல். கைவைப்பார்களா என்று நீங்கள் கேட்டதற்குள் அனுமதி இருந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ ஒரு மன்றம் இருந்ததாக ஆரம்ப காலத்துக்குச் சான்று இல்லை. பாடுகிறவர்கள் கையில் பாட்டு இருந்தது.

கூட்டத்தில் பேசும்போது "வேதாகமத்தில் மறைத்துவிட்டார்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது கேட்கிறவர்களை வீணாகக் கலங்கப்பண்ணும், உண்மையும் அல்ல. நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னால் யூதேயாவில் யாரோ ஒருவர் மிரியாமுக்கு ஒரு வரி போதாது என்று நினைத்த பிரதியை நகலெடுத்தார், அதில் ஏழு வரியின் முனைகள் நம் கைக்கு வந்திருக்கின்றன. முதலில் யாத்திராகமம் 15:20, 21 இரண்டையும் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தத் துண்டு வரிகளை, அறுந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி, நீங்களே வாசியுங்கள். "நீர் பெரியவர், இரட்சகர்" என்ற வரிக்குப் பிறகு எபிரேயத்தில் ஓர் "ஆலெப்" எழுத்து மட்டும் நிற்கிறது. அடுத்து வந்த சொல்லின் முதல் எழுத்து அது. "நீர்" என்பதும் ஆலெப்பில்தான் தொடங்கும்.